சலேர் பசுவின் ஒன்பதாவது குணம்

சலேர் மாட்டுக்கு ஒன்பது குணங்கள் என்று எங்கள் சங்கத்தின் துண்டுப் பிரசுரம் சொல்கிறது. பனியைத் தாங்கும். வெயிலையும் தாங்கும். முரட்டுப் புல்லைத் தின்று உடம்பு வைக்கும். குளம்பு கறுப்பு, கல்லில் தேயாது. செங்குத்தான மலையில் ஏறி இறங்கும். ஆள் உதவி இல்லாமல் கன்று ஈனும். நோய் எளிதில் அண்டாது. நெடுங்காலம் வாழும். ஒன்பதாவது, நல்ல தாய். பிரசுரத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். முதல் எட்டையும் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். ஒன்பதாவதைத் தலைவர் சொன்னார். பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்ததால் சேர்த்துக்கொண்டேன்.

பிரான்சின் நடுவே, எரிமலைகள் அணைந்து புல் முளைத்த மலைப்பகுதியில் வளரும் இனம் அது. உடம்பு முழுக்க ஒரே கருஞ்சிவப்பு. சுருள் மயிர். கொம்புகள் பக்கவாட்டில் கிளம்பி மேல்நோக்கி வளையும். இறைச்சிக்கும் பாலடைக்கட்டிக்கும் வளர்க்கிறார்கள். நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, மார்செய் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, கடைசியில் அந்த மலையூரில் மாடு வளர்ப்போர் சங்கத்தின் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தவன். பதினொரு வருஷமாக எழுதுகிறேன். ஆயிரக்கணக்கான மாடுகளின் பெயரும் தாய் பெயரும் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஆறு வயதில் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு காளை என்னை முட்டிச் சாக்கடையில் தள்ளியது. அதிலிருந்து மாடுகளைக் காகிதத்தில் பார்ப்பதையே விரும்பினேன்.

பம்பாய்ப் பார்சி நிலக்கிழார் ஒருவர் எங்கள் பக்கம் சுற்றுலா வந்தார். தன் மலைத்தோட்டத்துக்கு ஓர் இளங்காளையும், கன்றோடு ஒரு பசுவும் வேண்டும் என்றார். "இந்தியாவுக்கு இந்தியன் போவதுதானே முறை" என்றார் தலைவர். பம்பாயில் தமிழ் பேசமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சம்கூடவா?" என்று கேட்டார். காரைக்கால் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கையில் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். பிறந்த நாட்டுக்கு அந்நியனாகப் போகும் பயம் கப்பல் ஏறும் முன்பே தொடங்கிவிட்டது.

மாடுகளைக் கவனிக்க அந்த்வான் என்ற மேய்ப்பர் கூட வந்தார். பசுவின் பெயர் மார்க்கீஸ். காலையும் மாலையும் அவர் அதைக் கறப்பதைத் தூரத்தில் நின்று பார்ப்பேன். முதலில் கன்றைக் குடிக்க விடுவார். பால் இறங்கியதும் அதை இழுத்துத் தாயின் முன்னங்காலில் கட்டுவார். இடுப்பில் தொங்கும் தோல்பையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக் கன்றின் முதுகில் தூவுவார். பசு நக்கிக்கொண்டே நிற்கும். அவர் கறந்து முடிப்பார். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த இனத்துப் பசு ஒரு சொட்டும் விடாது. ஏடனில் அந்த்வானுக்குக் குடல்வால் வீங்கி, கட்டிலில் வைத்து இறக்கினார்கள். அதன் பிறகு கன்றே முழுப்பாலையும் குடித்தது. கறக்க ஆள் தேவைப்படவில்லை. அதை ஒரு நிம்மதியாகக் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பம்பாயில் இறங்கினோம். இறக்கும் வரிசையை முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். எங்கள் பதிவேட்டு முறைப்படி, வயதில் மூத்தது முதலில். எண் 1 பசு, எண் 2 காளை, எண் 3 கன்று. சரக்கு இறக்கும் மேஸ்திரி ஒரு மராத்தியர். கன்றைக் காட்டினார், பசுவைக் காட்டினார், பிறகு இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். நான் பட்டியலைக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

காளை கூண்டுக்குள் முரண்டு பிடித்ததில் ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. கீழே பசு கத்தியது. மேலே கப்பலில் தனியாக நின்ற கன்று அந்தக் குரலைக் கேட்டுக் குதித்தது, மறுபடி குதித்தது, மூன்றாம் முறை கூண்டுக் கம்பிக்கும் கழுத்துக் கயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நாங்கள் கயிற்றை அறுத்தபோது அது உயிரோடில்லை. துறைமுகத்துக் கால்நடை டாக்டர் 'விபத்து' என்று எழுதினார். செத்த மாடு எடுக்கும் ஒப்பந்தக்காரரின் வண்டி வந்தது. அவர் நீட்டிய தாளில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். சங்கத்துக்குத் தந்தி அடித்தேன்: "எண் 3 விபத்தில் இறந்தது." என்ன விபத்து என்று எழுதவில்லை.

செம்பூரில், எருமைத் தொழுவங்களான தபேலாக்களைத் தாண்டி, மாடுகளை வாங்கிய பார்சி சேட் ஒரு கொட்டகை எடுத்திருந்தார். மாடுகள் பதினான்கு நாள் அங்கே தனியாக இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே மலைக்குப் போகவேண்டும். தினமும் இருவேளை ஓர் இளம் அரசாங்க டாக்டர் வந்து சூடு பார்ப்பார். அன்று மாலையே பசுவின் மடி பாறையாக இருந்தது. டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "இன்றைக்கு நூற்றொன்றரை. சரியான சூடு. நூற்று மூன்றைத் தாண்டினால் நான் மேலிடத்துக்கு எழுத வேண்டும்."

"எழுதினால்?"

"வெளிநாட்டு மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். சுட்டு எரிக்கச் சொல்வார்கள். இரண்டையும்."

"மடியில் பால் கட்டினாலும் சூடு வருமே?"

"எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது. எப்படியாவது மடியைக் காலி செய்யுங்கள்."

தாளுக்குத் தெரியாது என்று அவர் சொன்னது என்னைப் பார்த்துச் சொன்னதாகவே பட்டது.

எனக்கு மாதுங்காவில் ஒரு விடுதியில் அறை. புதன் காலை பக்கத்து மெஸ்ஸில் இட்லி, சாம்பார். பதினொரு வருஷமாக உருளைக்கிழங்கும் பாலடைக்கட்டியும் தின்றவனுக்குக் கண்ணில் நீர் வரவேண்டிய சாப்பாடு. இரண்டாவது இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் விசுவநாதன், பாலக்காட்டுக்காரர், ரயில்வே ஆபீஸில் வேலை. என் கதையை விடுதிக்காரர் ஏற்கெனவே பரப்பிவிட்டிருந்தார்.

"ஸார்தானா ஃபிரான்ஸ்லேருந்து மாட்டோட வந்தவர்? எல்லாரும் அங்கேருந்து சென்ட் கொண்டு வருவா. உங்களுக்கு மாடுதான் ஆப்டுதாக்கும்."

"வேலை அப்படி."

"நன்னாக் கறக்குமோ?"

"கன்று பக்கத்தில் இருந்தால் கறக்கும்."

"நம்மாத்துப் பசு மாதிரின்னு சொல்லுங்கோ. பேஷ். பசுங்கன்னுன்னா வளர்த்துக் கறந்துக்கலாம். காளைக்கன்னை எல்லாம் அங்கே என்ன பண்றா?"

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன். விசுவநாதன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையைப் பார்த்தபடி, "குர்லாவில் வண்டி மாறணும், மறந்துடாதேள்" என்றார்.

மறக்கவில்லை. ஆனால் குர்லாவில் என்னால் இறங்க முடியவில்லை. எங்கள் மலை ரயிலில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடி காட்டுவார். இங்கே கதவே இல்லை. இறங்குகிறவர்களுக்கு முன்பே ஏறுகிறவர்கள் வந்துவிட்டார்கள். என் குடை ஒருவரின் கைக்குள், என் கை இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால். காட்கோபரில் கூட்டம் தானாகவே என்னை வெளியே துப்பியது. திரும்பி வந்து, மாறி, செம்பூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐம்பது. நாற்பது நிமிடத் தாமதம். அந்த நாற்பது நிமிடமும் மடியில் பால் ஏறிக்கொண்டே இருந்தது என்ற நினைப்பில் ஓடினேன்.

கொட்டகையில் புல் போடவும் சாணி அள்ளவும் இசக்கியம்மாள் என்ற திருநெல்வேலிப் பெண்மணி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்துத் தபேலாக்களில் இந்தியிலேயே சண்டை போட்டு இந்தியிலேயே சமாதானம் ஆகிறவர். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மாட்ட ஏழு முழம் தள்ளி நின்னு பாக்கிய? அது ஒங்க மாடுதான?"

"சங்கத்து மாடு."

"சங்கம் வந்து கறக்குமாக்கும்?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பசுவின் அருகே உட்கார்ந்தார். வெந்நீர் ஒற்றினார். மடியைத் தடவினார், பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்து ஏதோ முனகினார். பசு முதல் உதையில் வாளியையும் இரண்டாவதில் முக்காலியையும் அனுப்பியது. வேலிக்கு வெளியே தபேலாக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டேன்.

"சுருட்ட மயிரப் பாத்தா இது சிங்கத்துக்குப் பொறந்ததாம். சிங்கத்துக்கிட்ட எவனாச்சும் பால் கறப்பானான்னு கேக்கான்." அவர் எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். "சும்மா சொல்லக் கூடாது, நல்ல மாடு. கல்லு கணக்கா நிக்கி. இந்தப் புழுக்கத்துல நம்ம மாடே நாக்கத் தள்ளுது. இது அலட்டிக்கிடல. ஆனா பால அடக்கி வச்சிருக்கு. கன்னு இல்லாம இறக்காது. கன்னுத்தோல எங்க?"

"எதற்கு?"

"என்ன இப்படிக் கேக்கிய? தோலுக்குள்ள வைக்கோல அடைச்சு முன்னால நிறுத்தணும். தாய் மோந்து பாக்கும், சுரக்கும். ஒங்க ஊருல செய்யமாட்டாகளா?"

காரைக்காலில் செய்வார்கள். எனக்கே தெரியும். கையெழுத்துப் போட்ட நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. வண்டி எங்கே போயிருக்கும் என்று கேட்டேன்.

"பம்பாயில செத்த மாட்டுத் தோலு வேற எங்க போவும்? தாராவிதான். எந்தம்பி சுடலைமுத்து அங்கனதான் தோல்ஷாப்புல நிக்கான். இன்னைக்கே போனா உண்டு. நாளைக்குச் சுண்ணாம்புல போட்டுருவான். சுண்ணாம்புல போட்டா மயிரும் போவும், மணமும் போவும். பொறவு அது கன்னு இல்ல, செருப்பு."

டாக்டர் அப்போதுதான் கண்ணாடிக் குழலை உதறிப் பார்த்தார். நூற்றிரண்டு, புள்ளி ஐந்து. நேரம் பதினொன்று இருபது.

பஸ்ஸில் சயான் வந்து, அங்கிருந்து நடந்தோம். வாய்க்காலைத் தாண்டியதும் நாற்றம் முதலில் வந்தது. அதற்கடுத்து தமிழ் வந்தது. ஒரு தெருவே தமிழில் பேசியது. இட்லி விற்கிற குரல், குழாயடியில் இரண்டு பெண்களின் ஏச்சு, எங்கோ தாயக்கட்டை உருளும் சத்தம். பதினொரு வருஷம் இந்த ஒலிகளுக்காக ஏங்கியவன் நான். அன்று ஒவ்வொரு சுண்ணாம்புத் தொட்டியையும் எட்டிப் பார்த்தபடி, காதில் எதுவும் விழாமல் நடந்தேன். தொட்டிகளில் வெளுத்த தோல்கள் மிதந்தன. எந்தத் தோலுக்கும் மயிர் இல்லை.

சுடலைமுத்துவுக்கு முழங்கால்வரை சுண்ணாம்பு வெள்ளை. அக்காள் சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து வந்த கன்னுத்தோலு இருவது முப்பது கெடக்கு அண்ணாச்சி. பாதியத் தண்ணியில போட்டாச்சு. ஒங்க கன்னு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

நான் குறிப்பேட்டைத் திறந்து வாசித்தேன். "கருஞ்சிவப்பு. சுருள் மயிர். வயிற்றடியில், தொப்புளுக்கு முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை."

"பொண்ணு பாக்கப் போற எடத்துலகூட இம்புட்டு அடையாளம் சொல்ல மாட்டாக" என்று சிரித்தார். ஆனாலும் தொட்டித் தண்ணீரில் கம்பைவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். சாம்பல், வெள்ளை, செவலை. குட்டை மயிர், குட்டை மயிர். தொட்டியில் இல்லை என்றால் ஏற்கெனவே சுண்ணாம்புக்குப் போய்விட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இசக்கியம்மாள் கேட்கவில்லை, போய்ப் பார்த்தார். சுவரோரம் ஈரச்சாக்கால் மூடிய ஓர் அடுக்கு இருந்தது. மேலே இருந்த நாலைந்தைப் புரட்டினார். "அண்ணாச்சி, இங்கன வாங்க."

உப்பு படிந்து சுருண்டு கிடந்தது. விரித்தார். அந்த வெள்ளை அங்கே இருந்தது. மூன்று மாதம் முன்பு அந்த்வான் சொல்லச் சொல்ல என் கையால் பதிவேட்டில் எழுதிய வெள்ளை. என் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. மாடு என்று ஒன்றை நான் தொட்டது அதுவே முதல் தடவை.

அப்போது தோல்ஷாப் மேஸ்திரி வந்தார். "யாருவே நீரு? உள்ள வந்த சரக்கு வெளிய போவாது. மொதலாளி வந்தா என்னையல்லா கேப்பாரு?"

நான் முறையாக, ஒன்று விடாமல் விளக்கினேன். இது வெளிநாட்டிலிருந்து வந்த கன்றின் தோல். இதன் தாய் செம்பூரில் அரசாங்கக் கண்காணிப்பில் இருக்கிறது.

"கண்காணிப்புன்னா? நோயா?"

"இதுவரை நோய் என்று சொல்வதற்கில்லை. சூடு நூற்றிரண்டரை. நூற்று மூன்றைத் தாண்டினால்தான் மேலிடத்துக்கு எழுதுவார்கள்."

"எழுதினா?"

"சுட்டு எரிப்பார்கள்."

தோல்களுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி இரண்டடி பின்னால் போய், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "எரிக்கிற சவத்தையா எங்கூட்டுல கொண்டாந்து போட்டிருக்காணுவ? எடுத்துட்டுப் போவும்யா! ஏலே சுடல, அத ஒரு சாக்குல கெட்டிக் குடுல!"

சாக்கைக் கட்டும்போது சுடலைமுத்துவின் தோள் குலுங்கியது. "நல்ல சூட்டிக்கையாத்தான் பேசுதிய அண்ணாச்சி."

"நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"அதான், சிரிக்காம அப்படியே மூஞ்சிய வச்சிக்கிட்டியல்லா" என்றார்.

வெளியே ஒரு டாக்ஸி கிடைத்தது. சயான் சந்திப்பு வருவதற்குள் டிரைவர் மூக்கைச் சுளித்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை வண்டியை ஓரம் கட்டினார். அவர் சொன்னதை இசக்கியம்மாள் மொழிபெயர்த்தார். "பொணம் ஏத்துறதுக்கு வேற வண்டி இருக்காம். எறங்கச் சொல்லுதான்."

இறங்கியதும் மழை பிடித்தது. எங்கள் மலையில் மழை முன்கூட்டியே தூரத்தில் சாம்பலாகத் தெரியும். நடந்து வீடு போய்ச் சேர நேரம் தரும். பம்பாய் மழை ஒரு தட்டியைச் சாய்ப்பதுபோல் விழுந்தது. மணம் போய்விட்டால் தோலால் பயனில்லை என்று அந்த அம்மாள் சொன்னது காதில் ஒலித்தது. என் மழைக்கோட்டைக் கழற்றிச் சாக்கைச் சுற்றினேன். சட்டைப்பையில் இருந்த குறிப்பேடு நனைந்து, ஒரு வாரத்து மை ஒன்றோடொன்று கலந்தது. பஸ் கண்டக்டர்கள் இரண்டு பேர் எங்களை ஏற்றவில்லை. டிராம்பே போகிற ஆபீஸ் பஸ் ஒன்று நின்றது. உள்ளேயிருந்த கண்ணாடி போட்ட இளைஞர்கள் சாக்கைப் பார்த்தார்கள், பஸ் போய்விட்டது. கடைசியில் தபேலாக்களுக்குப் புல் ஏற்றிப்போகும் லாரி ஒன்றை இசக்கியம்மாள் குறுக்கே நின்று நிறுத்தினார். புல்லின்மேல் ஏறி உட்கார்ந்தோம்.

பாதி வழியில் அவர் கேட்டார். "கன்னு எப்படிச் செத்துச்சு?"

"விபத்து."

"அது தெரியும். எப்படி?"

அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த லாரியின்மேல், மழைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, மூத்தது முதலில் என்ற முறையைச் சொன்னேன். பட்டியலைச் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடுத மாதிரி கூப்பிட்டிருக்கிய. கப்பல்ல இருந்த ஒருத்தனும் சொல்லலையா?"

"ஒருவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்."

"பொறவு?"

"நான் பட்டியலைக் காட்டினேன்."

அவர் சாக்கை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் வந்தபோது நாலேகால் மணி. பசு கத்துவதை நிறுத்திவிட்டிருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தலை தொங்கி, பின்னங்கால்களை அகற்றி வைத்து நின்றது. டாக்டர் ஆறு மணிக்கு வருவார்.

மூங்கில் பிளாச்சுகளை நான்கு கால்களாகக் கட்டி, வைக்கோலைத் திணித்து, கோணி ஊசியால் இசக்கியம்மாள் தைத்தார். தைக்கும் முன் தோலை உதறி, உப்பையெல்லாம் சாக்கில் கொட்டி, மயிரை ஈரத்துணியால் துடைத்தார். தலை சற்றுக் கோணலாக வந்தது. சரியாக இல்லை என்றேன். "கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறோம்?" என்றார்.

பசுவின் முன்னால் நிறுத்தினோம். மூக்கை நீட்டியது. ஒரு நீண்ட மூச்சு விட்டது. மறுபடி முகர்ந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இசக்கியம்மாள் மடியைத் தொட்டதும் கால் வீசியது.

"கண்டுகிட்டுது" என்றார் மெதுவாக. "வெவரமான மாடு. இல்ல, கன்னுன்னு தெரிஞ்சும் பால எறக்க மாட்டேங்குதோ என்னவோ." அவர் குரலில் நம்பிக்கை போய்விட்டது. மணி ஐந்து பத்து.

அந்த்வானின் கையில் என்ன இருந்தது என்று யோசித்தேன். முதுகில், கழுத்தில் தொடங்கி வால்வரை, ஒரு பிடி. உப்பு.

சாக்கில் கொட்டிக்கிடந்த உப்பை இரண்டு கையாலும் அள்ளினேன். "அதை எதுக்கு எடுக்கிய?" என்றார் இசக்கியம்மாள். வைக்கோல் கன்றுக்குப் போகவேண்டுமானால் பசுவின் தலைப்பக்கம் போகவேண்டும். கொம்புகள் என் மார்பு உயரத்துக்கு இருந்தன. ஒன்றின் முனைக்கும் மற்றதன் முனைக்கும் நடுவே நான் நிற்கவேண்டும். உப்பு விரலிடுக்கில் உதிர்ந்தது. போனேன். கன்றின் கழுத்திலிருந்து வால்வரை தூவினேன். அந்த்வான் அப்போது பசுவை ஒரு ராகமாக, பெயரின் கடைசியை நீட்டிக் கூப்பிடுவார். எனக்குப் பாட வராது. பதிவேட்டில் பெயர் வாசிக்கிற குரலில்தான் கூப்பிட்டேன். "மார்க்கீஸ்." இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

காது திரும்பியது. தலை திரும்பியது. கொம்பு என் சட்டையை உரசிக்கொண்டு போனது. நான் அசையவில்லை, தைரியத்தால் அல்ல, கால் வரவில்லை. அது நாக்கை நீட்டி உப்பை ஒருமுறை நக்கியது. நிறுத்தியது. பிறகு அடித்தொண்டையில் சின்னதாக ஒரு முனகல் போட்டுவிட்டு, கழுத்திலிருந்து வால்வரை அழுத்தி அழுத்தி நக்கத் தொடங்கியது. வைக்கோல் கன்று ஆடியது. விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பின்பக்கம் வாளியில் முதல் பீச்சு விழும் சத்தம் கேட்டது.

"அசையாம நில்லுங்க அண்ணாச்சி" என்றார் இசக்கியம்மாள். "செத்தவன் மாதிரி நில்லுங்க."

அப்படித்தான் நின்றேன். முதல் வாளியின் பால் திரிந்து மஞ்சளாக இருந்தது, கீழே கொட்டினார். இரண்டாவது வெள்ளையாக வந்தது. ஆறு மணிக்கு டாக்டர் பார்த்தபோது நூற்றிரண்டு, புள்ளி எட்டு. மறுநாள் காலை நூற்றிரண்டு. மாலையில் நூற்றொன்றரை. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். தபேலாக்காரர்களில் சிங்கம் என்று சொன்னவன் ஒரு சொம்போடு வந்து பால் கேட்டான். கொடுக்கக் கூடாது என்று விதி. இசக்கியம்மாள் அதை வேறு சொற்களில் அவனுக்கு விளக்கினார்.

மீதி நாட்களில் குறிப்பிட அதிகமில்லை. குர்லாவில் இறங்கக் கற்றுக்கொண்டேன். மெஸ்ஸில் இட்லி நான்கானது. விசுவநாதன் காளைக்கன்று விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. இருவேளையும் பசுவின் தலைப்பக்கம் உப்போடு நிற்பது என் வேலை. பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஒவ்வொரு தடவையும் கொம்பு முனைகளைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

பதினொன்றாம் நாள் சேட் வந்தார். கன்று எப்படி இறந்தது என்று கேட்டார். பட்டியலை எடுத்து அவரிடமே கொடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைப் படித்தார். "கையெழுத்து மிக நன்றாக இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

கடைசி நாள், மலைக்குப் போகும் லாரி வந்தது. வைக்கோல் கன்றின் முதுகில் மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது. அதையும் லாரியில் ஏற்றச் சொன்னார் இசக்கியம்மாள். ஒரு பொட்டலம் உப்பை என் கையில் தந்தார்.

"தோட்டத்துக்காரங்ககிட்ட சொல்லுங்க. தெனமும் தூவணும்."

"உப்பு தீர்ந்து, அவர்கள் மறந்துவிட்டால்?"

"ரெண்டு நாளா நான் ஒங்களுக்கு உப்பே தரல அண்ணாச்சி. சாக்குல தீந்து போச்சு. நீங்க தூவுனது என் வீட்டு வெள்ள ரவ, அப்பமும் அது நக்கத்தான் செஞ்சுது. ஒங்களுக்குப் பயம்னுதான் சொல்லல."

லாரியில் எதை முதலில் ஏற்றுவது என்று ஆட்கள் என்னைக் கேட்டார்கள். வைக்கோல் கன்றைக் காட்டினேன். பசு தானாக அதன் பின்னால் ஏறியது.

மலையூருக்குத் திரும்பியதும் பதிவேட்டில் அந்தக் கன்றின் வரியைத் திறந்தேன். 'இறப்பு' என்ற கட்டத்தில் தேதியும், 'காரணம்' என்ற கட்டத்தில் 'பட்டியல் எழுதியவரின் பிழை' என்றும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். தலைவர் இன்னும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பார். துண்டுப் பிரசுரத்தை மறுபடி தட்டச்சு செய்தபோது 'நல்ல தாய்' என்ற ஒன்பதாவது வரியை முதலாவதாக மேலே கொண்டுவந்தேன். நான் எழுதும் இறக்குப் பட்டியல்களில் இப்போது கன்றுக்கும் தாய்க்கும் ஒரே எண்தான்.